கோபுரப் படிக்கட்டில் இரண்டு பேர்: இந்தப் படத்தில் அப்படி என்ன நடக்கிறது?

ஓலைப்பெட்டி (இழையைத் தொடங்கியவர்) · திங்கள், இரவு 9.50

ஒரு வாரமாக இந்த ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அயர்லாந்து ஓவியர் ஃபிரெடரிக் வில்லியம் பர்டன் 1864-இல் வரைந்த நீர்வண்ண ஓவியம். முழுப் பெயர் ‘ஹெல்லெலிலும் ஹில்டெப்ராண்டும், கோபுரப் படிக்கட்டில் சந்திப்பு’. டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இணையத்தில் பார்த்துவிட்டுச் சுவர் நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். உயரம் 95.5 சென்டிமீட்டர், அகலம் 60.8. நம் வீட்டு பீரோ கண்ணாடியைவிடச் சின்னது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கல் கோபுரத்துக்குள் வளைந்து ஏறும் குறுகலான படிக்கட்டு. நீல உடுப்பில் ஒரு பெண், பொன்னிறப் பின்னல் நீளமாகத் தொங்குகிறது. இரும்பு வளையச் சட்டை, தலைக்கவசம், வாள் என்று போருக்குக் கிளம்பிய கோலத்தில் ஒரு வீரன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அவன் அவள் கையைச் சேர்த்துப் பிடித்து, அதில் முகத்தைப் புதைத்து முத்தமிடுகிறான். படியில் பூ உதிர்ந்து கிடக்கிறது. அவ்வளவுதான் படம்.

சண்டை இல்லை, ரத்தம் இல்லை, மூன்றாவது ஆள்கூட இல்லை. ஆனாலும் பார்க்கும்போது அடிவயிற்றில் என்னவோ செய்கிறது. கதை தெரியாதபோதே எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது? கதையிலிருந்தா, தூரிகையிலிருந்தா? சும்மா அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

கரிசல்காடு · திங்கள், இரவு 10.15

கதையிலிருந்துதான், சந்தேகமே வேண்டாம். ஒரு பையன், ஒரு பெண், ஒரு முத்தம். கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காதலர் தின வாழ்த்து அட்டை. குவளையிலும் ஃபிரிட்ஜ் காந்தத்திலும் அச்சடித்து விற்கத் தோதான படம். 2012-இல் அயர்லாந்து மக்கள் ஓட்டுப் போட்டு ‘எங்களுக்குப் பிடித்த ஓவியம்’ என்று இதைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் ஓட்டில் ஜெயித்த படம் என்றாலே எனக்குக் கொஞ்சம் உஷார் வந்துவிடும்.

உங்கள் அடிவயிறு எப்போது கலங்கியது என்று நன்றாக யோசித்துப் பாருங்கள் ஓலைப்பெட்டி. தலைப்பைப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா?

நீலமலை · திங்கள், இரவு 11.02

கதையை யாராவது சொன்னால்தானே சண்டை போட முடியும். நானே சொல்லிவிடுகிறேன்.

டென்மார்க்கின் இடைக்கால நாட்டுப்பாடல். விட்லி ஸ்டோக்ஸ் என்ற ஐரிஷ் அறிஞர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1855-இல் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளியிட்டார். ஹெல்லெலில் ஓர் அரசகுமாரி. அவளுக்கு 12 மெய்க்காவலர்கள். அவர்களில் ஒருவன்தான் ஹில்டெப்ராண்ட். காதல் அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. தன் ஏழு மகன்களையும் அழைத்து அவனைக் கொன்றுவிடச் சொல்கிறார். ஈட்டியும் கேடயமுமாக வாசலில் வந்து நின்று அவனைச் சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள். வெளியே பாய்வதற்கு முன் அவன் அவள் கண்களில் முத்தமிட்டு ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறான்: என்ன நடந்தாலும் என் பெயரைச் சொல்லிவிடாதே.

தந்தையும் அண்ணன்மாரும் ஒவ்வொருவராக விழுகிறார்கள். மிச்சம் இருப்பது கடைசித் தம்பி. அவனையாவது விட்டுவிடு என்று அவள் ஹில்டெப்ராண்டின் பெயரைச் சொல்லிக் கத்திவிடுகிறாள். அந்தப் பெயர் வாயிலிருந்து விழுந்ததும் காயங்கள் அவனைச் சாய்த்துவிடுகின்றன. சண்டை நடுவே வீரனின் பெயரைச் சொன்னால் அவன் பலம் போய்விடும் என்ற நம்பிக்கை வட ஐரோப்பியப் பாடல்களில் வேறு இடங்களிலும் வருகிறது.

தம்பியைக் காப்பாற்ற வாய் திறந்தால் காதலன் சாவான். வாயை மூடிக்கொண்டிருந்தால் தம்பி சாவான். பர்டன் வரைந்தது அதற்குச் சற்று முந்திய நேரம்.

கரிசல்காடு · திங்கள், இரவு 11.20

அதைத்தான் நானும் சொன்னேன். இப்போது எனக்கே மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அதற்குக் காரணம் நீலமலை சொன்ன கதை. பர்டன் இல்லை.

தூரிகைக்காரன் · செவ்வாய், காலை 7.05

கதையில் முத்தம் எங்கே விழுகிறது? கண்ணில். பர்டன் அதை எங்கே வைத்தார்? கையில். கரிசல்காடு, உங்களுக்கு என் பதில் இந்த ஒரு மாற்றம்தான்.

கண்ணில் முத்தமிட வேண்டுமானால் இரண்டு முகங்களும் பக்கத்தில் வர வேண்டும். வந்துவிட்டால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும், குறைந்தது ஒருவராவது பார்க்க வேண்டும். பர்டன் அதை ஒரேயடியாக ஒழித்துவிட்டார். இவள் முகம் ஒரு பக்கம், அவன் முகம் அவள் கைக்குள். கண்ணும் கண்ணும் சந்திக்கவே இல்லை. தலைப்பில் ‘சந்திப்பு’ என்று இருக்கும் படத்தில் சந்திக்காதது கண்கள் மட்டும்தான். பார்த்துவிட்டால் அழுதுவிடுவாள், அல்லது அவன் போக மாட்டான். இதைப் புரிந்துகொள்ள டேனிஷ் பாட்டு தேவையில்லை. ரயில் நிலையத்தில் நின்று யாரையாவது வழியனுப்பியிருந்தால் போதும்.

அடுத்தது இடம். வளைபடிக்கட்டில் நடந்திருக்கிறீர்களா? எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டால்தான் மற்றவர் கடக்கலாம். நின்று பேசுகிற இடம் இல்லை அது. கூடமோ தோட்டமோ வரைந்திருந்தால் அவர்களுக்கு நேரம் இருக்கிறது என்று நம் மனம் நம்பிவிடும். படிக்கட்டு என்றதுமே யாரோ மேலிருந்தோ கீழிருந்தோ வந்துவிடுவார்கள் என்ற பயம் வந்துவிடுகிறது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

மூன்றாவது, அந்த இரும்புச் சட்டை. இதை எண்ணெய் வண்ணம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. பர்டன் எண்ணெய் வண்ணப் பக்கமே போகாதவர். நீர்வண்ணமும் சுண்ணக்கோலும்தான் அவர் கைச்சரக்கு. இந்தப் படத்தில் சாதாரண வாட்டர் கலரோடு, போஸ்டர் கலர் மாதிரி அடியை மறைக்கும் கவாஷையும் சேர்த்து, சின்னச் சின்னத் தொடுகைகளாக வைத்துக்கொண்டே போயிருக்கிறார். நான் ஒருமுறை இந்த வளையச் சட்டையின் தோள்பகுதியை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பிரதி எடுத்துப் பார்த்தேன். பூஜ்ஜியம் நம்பர் தூரிகை. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு நிழல், ஒரு வெளிச்சப் புள்ளி. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து நாலு வரிசைகூட முடியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஒரு நொடியில் முடிகிற முத்தத்துக்கு அந்த மனிதர் எத்தனை மாதம் உட்கார்ந்தாரோ! அந்தப் பொறுமை படத்துக்குள் தங்கிவிடுகிறது. அவசரமான நேரம், அவசரமே இல்லாத கை. பார்க்கும்போது மூச்சு முட்டுவதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

வெண்கலப்பூட்டு · செவ்வாய், காலை 8.31

நாலு வரிசைக்கே கழுத்து பிடித்ததா அண்ணா. எனக்கு வாட்டர் கலரில் வானமே திட்டுத் திட்டாக வருகிறது.

டப்ளின்வாசி · செவ்வாய், பகல் 3.40

வணக்கம். நான் டப்ளினில் செவிலியர். இந்த இழையை இரவுப் பணி முடிந்து பேருந்தில் படித்தேன். ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

இந்தப் படத்தை நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது. மரக்கதவு போட்ட ஒரு பெட்டகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் திறப்பார்கள். முதல் தடவை நான் போனபோது இது தெரியாது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு மழையில் நனைந்து போனால் மூடிய கதவுதான் இருந்தது. அம்மா கேட்டார்: “என்னடி, கோயில் நடை சாத்திட்டாங்களா?”

இரண்டாவது தடவை நேரம் பார்த்துப் போனோம். கதவைத் திறக்கும்போது சுற்றி நின்ற இருபது பேரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த நீலம் இருக்கிறதே, அது திரையில் தெரிகிற நீலம் இல்லை. உடுப்பின் மடிப்புகளில் நிழல் விழும் இடத்தில்கூடக் கருக்காமல் நீலமாகவே இருக்கிறது. அம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, “திரும்பி வர மாட்டான் போல” என்றார். கதை அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

கரிசல்காடு அண்ணன் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை. தலைப்பு அட்டையும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

ஓலைப்பெட்டி · செவ்வாய், மாலை 5.12

நடை சாத்திவிட்டார்களா! உங்கள் அம்மாவை இந்த இழைக்கு நடுவராகப் போட்டுவிடலாம்.

தூரிகைக்காரன், அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடு வெளிச்சத்துக்குப் பயந்துதானே?

தூரிகைக்காரன் · செவ்வாய், மாலை 6.30

ஆமாம். எண்ணெய் வண்ணத்தில் நிறத்தூள் எண்ணெய்க்குள் புதைந்து கிடக்கும். நீர்வண்ணத்தில் ஒரு மெல்லிய படலம்தான், காற்றும் ஈரமும் வெளிச்சமும் நேரே தாக்கும். 1886-இல் இங்கிலாந்தில் இதை வைத்துப் பெரிய பத்திரிகைச் சண்டையே நடந்தது. காட்சிக்கு வைத்தால் படம் வெளுக்கும் என்று ஒரு கட்சி, அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று இன்னொரு கட்சி. கடைசியில் ரசல், ஏப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். நிறங்களைக் கண்ணாடிக் குழாய்களில் வைத்து வெயில் காட்டிச் சோதித்து 1888-இல் அறிக்கை கொடுத்தார்கள். பல நிறங்கள் வெளுக்கத்தான் செய்தன. காற்றையும் ஈரத்தையும் எடுத்துவிட்ட குழாய்களில் பெரும்பாலானவை தாக்குப்பிடித்தன. இன்றைக்கு அருங்காட்சியகங்கள் காகிதப் படங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் தருகின்றன. வீட்டு ஹாலில் ராத்திரி ஒரு மூலை விளக்கு மட்டும் எரிந்தால் எப்படி இருக்கும், அந்த அளவு.

டப்ளின்வாசி சொன்ன நீலம் இத்தனை வருஷம் கழித்தும் நீலமாக இருப்பதற்கு அந்த மரக்கதவுக்கும் பங்கு உண்டு.

ஓலைப்பெட்டி · செவ்வாய், இரவு 9.18

எனக்கு ‘பெயரைச் சொல்லாதே’ என்ற இடம்தான் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் பாட்டி கடைசிவரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால், “அதான், வள்ளி தெய்வானை வீட்டுக்காரரு பேரு” என்பார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முருகன் பெயராகச் சொல்ல, பாட்டி தலையை மட்டும் ஆட்டுவார். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பாட்டி நிஜமாகவே நம்பினார்.

அதனால் டேனிஷ் பாட்டில் வரும் அந்த விதி எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஹெல்லெலில் படத்தில் வாயை மூடி முகத்தைத் திருப்பியிருப்பதை முதலில் நான் வெட்கம் என்றுதான் நினைத்தேன். அவன் இப்போதுதான் அந்த வாக்கை வாங்கியிருக்கிறான் என்று வைத்துப் பாருங்கள். அப்போதிருந்தே அவள் வாயைக் காக்கத் தொடங்கிவிட்டாள்.

இதில் ஒரு வேடிக்கை. அவள் சொல்லக்கூடாத பெயரைப் பர்டன் படத்தின் தலைப்பிலேயே போட்டு உடைத்துவிட்டார். ஆனால் எல்லோரும் அந்த முன்பாதியை விட்டுவிட்டுப் ‘படிக்கட்டுச் சந்திப்பு’ என்றுதான் சொல்கிறார்கள். ஊரே சேர்ந்து அவனைக் காப்பாற்றுகிறது போலிருக்கிறது.

நீலமலை · செவ்வாய், இரவு 9.41

அகப்பாட்டில் தலைவன் தலைவி பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறதே அக்கா. காரணம் வேறு, ஆனால் பெயர் வந்தால் அகம் புறமாகிவிடும் என்பது இங்கேயும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அவன் பெயர் வெளியே வந்த இடத்தில்தானே காதல் கதை போர்க்கதையாகி முடிகிறது.

வக்கீல் மாமா · புதன், காலை 6.20

குறுக்கே வருகிறேன். நீலமலை சொன்ன மொழிபெயர்ப்பாளர் விட்லி ஸ்டோக்ஸ் யார் தெரியுமா? வழக்கறிஞர்களுக்குத் தெரியும். 1862-இல் கப்பலேறி நம் மெட்ராஸுக்கு வந்தவர். இங்கே உயர் நீதிமன்றத்தில் வேலை பார்த்துவிட்டு கல்கத்தா போனார். 1877 முதல் 1882 வரை வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினர். 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம், அறக்கட்டளைச் சட்டம் இரண்டுமே அவர் காலத்து வேலை. இன்றைக்கு நீங்கள் தாம்பரத்தில் ஒரு கிரவுண்டு வாங்கினாலும் அந்தச் சட்டம்தான்.

மெட்ராஸ் வெயிலிலும் கல்கத்தாப் புழுக்கத்திலும் உட்கார்ந்துகொண்டு, பழைய ஐரிஷ் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பித்துக்கொண்டிருந்தவர். பர்டன் இந்தப் படத்தை 1864-இல் லண்டன் நீர்வண்ண ஓவியர் சங்கத்தில் மாட்டியபோது, அந்தப் பாட்டை மொழிபெயர்த்தவர் இந்தியாவில் இருந்தார்.

அவர் தந்தை வில்லியம் ஸ்டோக்ஸ் பெரிய மருத்துவர். செவிலியரான டப்ளின்வாசிக்கு ‘செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு’ தெரிந்திருக்கும். அந்த ஸ்டோக்ஸ்தான். தங்கை மார்கரெட் ஸ்டோக்ஸ், அயர்லாந்தின் பழங்காலக் கலையை ஆராய்ந்தவர். குடும்பமே பர்டனுக்கு நெருக்கம். படம் கடைசியில் இந்த மார்கரெட்டிடம் இருந்தது. 1900-இல் அவர் இறக்கும்போது ஓவியக்கூடத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். பர்டன் இறந்ததும் அதே வருஷம்.

டப்ளின்வாசி · புதன், காலை 7.55

செய்ன்-ஸ்டோக்ஸா! மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகி, பிறகு குறைந்து, நின்றே போய், மறுபடி தொடங்கும். கடைசி நேரத்து நோயாளிகளிடம் பார்ப்போம். அந்த நிற்கிற இடைவெளியில் வீட்டார் நம் முகத்தைப் பார்ப்பார்கள் பாருங்கள்… சரி, அதை விடுங்கள். ஆனால் அந்தப் படத்தை இனி அப்படித்தான் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

கரிசல்காடு · புதன், பகல் 1.10

அம்மா சொன்ன ‘திரும்பி வர மாட்டான் போல’ என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. பாதி தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

ஜெர்மானிய விமர்சகர் லெஸ்ஸிங் 1766-இலேயே சொல்லிவிட்டார். ஓவியனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கணம். உச்சத்தை வரைந்தால் பார்ப்பவனின் கற்பனைக்கு மேலே போக இடமில்லை. ஆகவே உச்சத்துக்கு முந்திய கணத்தைப் பிடி என்றார். பர்டனோ 1851-இலிருந்து ஏழு வருஷம் மூனிக்கில் பவேரிய அரசருக்குப் படம் பிரதியெடுத்துக் கொடுத்தவர். அந்தப் பாடம் காதில் விழாமல் இருந்திருக்குமா? வாத்தியார் சொன்ன மாதிரி கச்சிதமாகச் செய்திருக்கிறார். நல்ல மாணவர், அவ்வளவுதான். சஸ்பென்ஸ் வைத்தார், வேலை செய்தது.

நீலமலை · புதன், இரவு 10.25

சஸ்பென்ஸ் என்றால் இனி என்ன ஆகுமோ என்ற தவிப்பு. அங்கேதான் நான் உங்களோடு முரண்படுகிறேன்.

அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது என்று நான் முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஹெல்லெலில் உட்கார்ந்து துணியில் பூவேலை செய்துகொண்டிருக்கிறாள். கை எங்கோ போகிறது. தங்க இழை வர வேண்டிய இடத்தில் பட்டு இழையைப் போட்டுவிடுகிறாள். ஏன் தையல் இப்படிக் கோணுகிறது என்று அரசியிடமிருந்து விசாரணை வருகிறது. அப்போதுதான் அவள் வாய் திறந்து நடந்ததைச் சொல்கிறாள். காதலன் போய்விட்டான். அப்பா, அண்ணன்கள் போய்விட்டார்கள். உயிர் தப்பிய தம்பி அவளைக் குதிரைச் சேணத்தோடு கட்டி இழுத்துவந்தான். தாய் அவளை ஒரு தேவாலய மணிக்கு விலையாக விற்றாள். சொல்லி முடித்ததும் அவளும் இறந்துபோகிறாள்.

ஆக, முழுப் பாட்டும் அவள் நினைவு. ‘என் கண்களில் முத்தமிட்டான்’ என்று தன்மையில்தான் வருகிறது. எல்லாம் முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கிறவளுக்கு வாசலில் நிற்கும் ஏழு பேர் நினைவில் பெரிதாக வருவார்களா? அந்தப் படிக்கட்டும் கையில் பட்ட முகமும்தான் வரும். பர்டன் அண்ணன்மாரை விட்டுவிட்டது லெஸ்ஸிங் சொன்னதற்காக மட்டும் இருக்காது. அவர் அவள் பக்கத்திலிருந்து வரைந்திருக்கிறார். என்ன ஆகுமோ என்ற கேள்வி இந்தப் படத்தில் கிடையாது. என்ன ஆனது என்று தெரிந்தவள் அந்த ஒரு நிமிஷத்தை முடியவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தூரிகைக்காரன் சொன்ன அவசரமில்லாத கை எனக்கு இப்படித்தான் புரிகிறது. தையல்காரியின் கை அது. ஒவ்வொரு வளையமாக, ஒவ்வொரு இழையாக.

இன்னொன்று. 1841-இல் இதே பர்டன் ‘அரான் மீனவனின் மூழ்கிப்போன குழந்தை’ என்று ஒரு படம் வரைந்தார். அதுவும் நீர்வண்ணம், அதுவும் அதே ஓவியக்கூடத்தில் இருக்கிறது. குடிசைக்குள் குழந்தையின் சடலம், தாய், தந்தை, ஒப்பாரி வைக்கும் பெண்கள். ஆளாளுக்கு ஒரு சோகம், ஆளாளுக்கு ஒரு கை தூக்கல். மேடை நாடகத்தின் கடைசிக் காட்சி போல எல்லாம் நடந்து முடிந்து எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். நல்ல படம், ஆனால் பார்க்கிறவனுக்கு அதில் வேலையே இல்லை. அடுத்த 23 வருஷத்தில் அந்த மனிதர் கற்றுக்கொண்டது முழுக்கக் கழித்தல். கூட்டத்தைக் கழித்தார், கண்ணீரைக் கழித்தார், முகத்தையும் பாதி கழித்துவிட்டார்.

தூரிகைக்காரன் · வியாழன், காலை 7.15

தையல்காரியின் கை. அபாரம். நான் நாலு வரிசையில் கைவிட்ட வளையச் சட்டையை இந்த ஞாயிறு மறுபடி எடுக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு படம் சொல்கிறேன். ஆங்கில ஓவியர் ரோசெட்டி 1855-இல் வரைந்த ‘பாவ்லோவும் ஃபிரான்செஸ்காவும்’. 25 சென்டிமீட்டர் உயரம், 45 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவு சின்ன நீர்வண்ணம். மூன்று கட்டம். இடப்பக்கம் காதலர்கள் முத்தமிடுகிறார்கள், வலப்பக்கம் நரகத் தீயில் இருவரும் ஒட்டிக்கொண்டு மிதக்கிறார்கள், நடுவில் இந்தக் கதையைப் பாடிய கவிஞர் தாந்தேயும் அவருக்கு வழிகாட்டும் பழங்கவி வெர்ஜிலும் நின்று பார்க்கிறார்கள். செய்தது, அதற்குக் கிடைத்தது, வருந்த ஆள், எல்லாம் அந்தச் சின்னக் காகிதத்திலேயே. எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் அதைப் பார்த்து நான் பதறியதில்லை. தீர்ப்பு பக்கத்துக் கட்டத்திலேயே எழுதியிருக்கிறதே. பர்டனிடம் பக்கத்துக் கட்டம் கிடையாது.

வெண்கலப்பூட்டு · வியாழன், காலை 9.02

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். கையில் முத்தமிடுவதில் அப்படி என்ன இருக்கிறது? அந்தக் காலத்து மேனாட்டவர்கள் எல்லோரும் எல்லோர் கையிலும்தானே முத்தமிட்டார்கள்.

ஓலைப்பெட்டி · வியாழன், காலை 9.30

அது விரல் நுனியில் இடும் மரியாதை முத்தம். இது அப்படி இல்லை. விரலை விட்டுவிட்டு, சட்டைக் கை மூடிய முன்கையில் முகத்தைப் புதைத்திருக்கிறான். தோல்கூடப் படவில்லை, துணிதான் படுகிறது. பர்டனின் நண்பரான நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதத்தில் இதைத்தான் தொடுகிறார். இந்த விஷயத்தை எடுத்தால் மிக மலிவான படமாகப் போயிருக்கலாம், அவர் அதை உயர்த்திவிட்டார், அந்த வீரனுக்கு அந்த முத்தம் ஓர் அருட்சாதனம் (தேவாலயத்தில் பெறும் புனிதச் சடங்கு) போல இருக்கிறது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். நற்கருணை வாங்குகிறவன் முகம் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

கரிசல்காடு · வியாழன், பகல் 12.40

நீலமலையின் பூவேலைக்கு என்னிடம் பதில் இல்லை. லெஸ்ஸிங்கைத் திரும்பப் பெறவில்லை, ஓரமாக உட்கார வைக்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும். 1874-இல் பர்டனை லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு இயக்குநராகப் போட்டார்கள். இருபது வருஷம் இருந்தார். லியனார்டோவின் ‘பாறைகளின் கன்னி’யையும் ஹோல்பைனின் ‘தூதர்கள்’ படத்தையும் அங்கே வாங்கி வைத்தவர் இவர்தான். ஆனால் பதவி ஏற்றபின் சொந்தமாக ஒரு படம்கூட வரையவில்லை. இப்படி ஒரு படத்தை வரைந்த கைக்கு எப்படித் தூரிகையை வைத்துவிட மனசு வந்தது?

வக்கீல் மாமா · வியாழன், பகல் 1.15

அரசு உத்தியோகம் தம்பி. கோப்பு பார்த்துப் பார்த்தே எனக்கும் கவிதை போச்சு.

டப்ளின்வாசி · வியாழன், மாலை 4.50

இன்று விடுமுறை. மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அவளுக்கு ஐந்து வயது. உங்கள் எல்லோருடைய வாதமும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கை, கண், தையல், மணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தார்கள். வழக்கம் போல எல்லோரும் அமைதியானார்கள். அந்த அமைதியில் இவள் தமிழில், கூடம் முழுக்கக் கேட்கும்படி, “அம்மா, அந்த அங்கிள் ஏன் அவங்க கையை மோந்து பாக்குறாங்க?” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை, நல்லவேளை. நான் குனிந்து, அவர் தூரமா போகப் போறார்டா, அதான் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, நான் இரவுப் பணிக்குக் கிளம்பும்போது போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டரின் கையைப் பிடித்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, “உன்னுது ஆஸ்பத்திரி வாசம்” என்றாள்.

அதற்குப் பிறகு என் பட்டியல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. மணி முடிந்ததும் காவலர் வந்து கதவைச் சாத்தினார்.